காலையில் தலைவர், மதியம் துணை

ஒருவரைத் தலைவர் வேட்பாளராக்குவதற்குக் கட்சிகள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும். அவருக்குத் துணையாக யார் என்பதைப் பெரும்பாலும் ஒரு சாப்பாட்டு நேரத்தில் முடித்துவிடும். நான் பார்த்தவரை எல்லாக் கட்சியிலும் இதுதான் வழக்கம். நம் கட்சி மட்டும் விதிவிலக்கு என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

தேர்தல் பணிக்குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். ஜெயித்த கதைகளைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவதும், ஓட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஜெயித்த கதைதான். ஓய்வு பெற்றுச் சேலையூரில் வீட்டோடு இருக்கும் இந்த நாட்களில், வேலையை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த வெற்றிதான். நினைத்ததும் மனசு கனத்துப் போகிறது.

எங்களைப் பார்வையாளர்கள் என்று சொல்வார்கள். பெயர்தான் பார்வை, வேலை முழுக்கக் காது கொடுப்பது. ஒரு ஊரில் பதவிக்கு யாரை நிறுத்தலாம் என்று தலைமைக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்றால் எங்களில் ஒருவரை அனுப்புவார்கள். போய், எல்லாரிடமும் பேசி, இன்னார் சரி என்று சொல்ல வேண்டும். அந்த நாளில் பெண் பார்வையாளர்கள் மிகக் குறைவு. அதனால் பெண்களுக்கு ஒதுக்கிய பதவி எங்கே வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அப்படித்தான் தாம்பரத்தைச் சுற்றியுள்ள நகராட்சிகளில் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். தலைவர் பதவி பெண்களுக்கு. துணைத் தலைவர் யாராகவும் இருக்கலாம். மக்கள் நேரடியாகத் தலைவருக்கு ஓட்டுப் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வார்டுகளில் ஜெயித்த கவுன்சிலர்கள் கூடி, தங்களில் ஒருவரைத் தலைவராகவும் இன்னொருவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு தேர்தலும் ஒரே நாளில். காலையில் தலைவர். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு துணை.

நமக்குப் பெரும்பான்மை கிடைத்திருந்தது, ஆனால் மயிரிழையில். இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் சாய்ந்தால் எல்லாம் போய்விடும். அதனால் முடிவு வந்த உடனேயே நகரச் செயலாளர் நம் கவுன்சிலர்கள் எல்லாரையும் வேனில் ஏற்றிக் கோவளம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குக் கொண்டுபோய்விட்டார். பெரிய பந்தோபஸ்து என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் போனபோது, மொட்டை மாடிக் கொடியில் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பெண் கவுன்சிலர்கள் காவலுக்கு நின்ற பையன்களையே துணைக்குக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், படகில் இறங்கிய மீனைப் பேரம் பேசி வாங்கி வந்திருந்தார்கள். சமையலறையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கீழே ஒரு அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்த ஒரு அண்ணன் இருந்தார். நான் சேர்ந்த புதிதில் அவரோடுதான் ஊர் ஊராகப் போனேன். அவர் சொன்ன ஒரே ஒரு விஷயம் எனக்குக் கடைசிவரை உதவியது. "உங்களுக்கு ஏன் பதவி கொடுக்கணும்னு யாரையும் கேக்காத. அதுக்கு எல்லாரும் பதிலை மனப்பாடம் பண்ணிட்டு வருவாங்க. உங்களுக்கு இல்லன்னா வேற யாருக்குக் கொடுக்கலாம்னு கேளு. அந்த நேரத்துல முகத்தைப் பாரு."

அதையே கேட்டேன். ஒரு அம்மாவிடம் கேட்டபோது கதவோரம் நின்ற கணவர் பதில் சொன்னார். "இவங்களுக்கு இல்லன்னா எங்க தம்பி சம்சாரத்துக்குக் கொடுங்க மேடம்." அந்த அம்மா வாயே திறக்கவில்லை. இன்னொருவர், தனக்கு இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு கிரேஸ் டீச்சர் வந்தார். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, மகள் பெங்களூரில். முடிச்சூர்ப் பக்கமெல்லாம் ஏரி உடைந்து தண்ணீர் வந்த வருஷம், பள்ளியின் மாடியைத் திறந்துவிட்டு, சனங்களை அங்கே தங்கவைத்து, தண்ணீர் வடியும்வரை அவர்களோடேயே இருந்தவர். அதற்காகவே பின்னாளில் ஊர்க்காரர்கள் அவரைக் கவுன்சிலராக நிற்கச் சொன்னார்கள். மெல்லிய குரல். பேசும்போது கைகளை மடியில் கோத்துக்கொள்வார்.

"உங்களுக்கு இல்லன்னா யாருக்கு டீச்சர்?"

அவர் யோசிக்கவே இல்லை. "எனக்கு வேணாம் மேடம். பர்வீனுக்குக் கொடுங்க. அவதான் எதிர்த்துப் பேசுவா."

அடுத்து வந்தவர் அந்தப் பர்வீன். முடிச்சூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை. கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு கடையை இவர்தான் பார்க்கிறார். நாற்பது வயதுக்குள். வெள்ளத்தின்போது கடையிலிருந்த கயிறு, தார்ப்பாய், டார்ச் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுவந்து போட்டவர். அங்கேதான் இரண்டு பேருக்கும் பழக்கம். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"இதுல இன்னா அக்கா கேள்வி? டீச்சருக்குத்தான். நான் கத்துவேன், அவ்ளோதான். அவங்க சொன்னா ஊரே கேக்கும்."

பார்வையாளராக நான் போன எந்த ஊரிலும், இரண்டு பேர் மாறி மாறி ஒருவர் பெயரை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. மற்ற கவுன்சிலர்களும், தங்கள் பெயருக்கு அடுத்தபடியாக, பெரும்பாலும் டீச்சர் பெயரைத்தான் சொன்னார்கள். எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. டீச்சர் தலைவர், பர்வீன் துணை.

டீச்சரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மாடியில் புடவைகளுக்கு நடுவில் நாற்காலி போட்டுப் பேசினோம்.

"எனக்கு ஃபைல் பாக்கத் தெரியும் மேடம். சண்டை போடத் தெரியாது. அந்தக் கால்வாய் விஷயம் ஒண்ணு போதும். ஏரித் தண்ணி அடையாத்துக்குப் போற வழியெல்லாம் சுருங்கிப்போச்சு. அதை அகலப்படுத்தணும்னா யார் யார் வீட்டுச் சுவரெல்லாம் இடிக்கணும்னு உங்களுக்குத் தெரியாது. நான் தனியா நின்னா என்னை முழுங்கிடுவாங்க. பர்வீன் பக்கத்துல துணைத் தலைவரா உக்காந்தா நான் வர்றேன். இல்லன்னா விட்டுடுங்க."

நியாயமான கோரிக்கை. அப்படியே தலைமைக்குச் சொன்னேன். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த மேலிடப் பொறுப்பாளர் போனில் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "டீச்சர் சரிம்மா. ஆனா ரெண்டு பேரும் சிறுபான்மை. மேலயும் கீழயும் ஒரே பக்கம் போனா மத்தவங்க என்ன சொல்வாங்க? துணைன்னா ஒரு பேலன்ஸ் வேணாமா?" என்றார்.

"அண்ணா, அந்த ஊர்ல யாரும் அப்படிப் பாக்கல. நாமதான் பாக்கறோம்" என்றேன். அந்தப் பெண்கள் இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் சொன்னதையும் சொன்னேன். அவர் பழைய ஆள், நல்ல மனிதர்தான். கடைசியில், "சரி, உன் பொறுப்பு. ரெண்டு பேரையும் சொல்லிடு" என்றார்.

நகரச் செயலாளரிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிவிட்டது. அவரும் ஒரு வார்டில் ஜெயித்த கவுன்சிலர்தான். துணைத் தலைவர் பதவி தனக்குத்தான் என்று அவர் எல்லாரையும் வேனில் ஏற்றிய அன்றே முடிவு செய்திருந்தார் போலும். வார்டு வார்டாக அலைந்து இந்த வெற்றியைக் கொண்டுவந்ததில் அவர் உழைப்பு பெரியது. அதை நான் மறுக்கவில்லை. "தலைமை சொன்னா சரிதான் மேடம்" என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதை அன்றைக்கு நான் கவனித்திருக்க வேண்டும். நம் தொழிலில் கோபப்படுகிறவரைச் சமாளித்துவிடலாம். சட்டென்று தலையாட்டுகிறவரைத்தான் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

தேர்தல் நாள் காலையில் எல்லாரும் ஒரே வேனில் நகராட்சிக்கு வந்து இறங்கினோம். பர்வீன் டீச்சரின் புடவை மடிப்பைச் சரி செய்துவிட்டார். "போட்டோல நல்லா இருக்கணும் டீச்சர். எங்க கடையில மாட்டப்போறேன்." மன்றக் கூடத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்ப் பக்கம் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். நம்மவர் ஒருவர்கூடச் சாயவில்லை. டீச்சர் ஜெயித்தார். பதவிப் பிரமாணம் எடுக்கும்போது குரல் நடுங்கியது. பிறகு மாலைகள் வந்து விழுந்தன.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் என் போன் அதிர்ந்தது. படிக்கட்டுப் பக்கம் போய் எடுத்தேன். மேலிடப் பொறுப்பாளர்தான்.

"அம்மா, துணைக்கு நகரச் செயலாளர்னு முடிவாயிடுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னண்ணா இது? டீச்சர் அந்த வார்த்தையை நம்பித்தான் இப்ப பிரமாணம் எடுத்திருக்காங்க."

"அவரும் அவர் பக்கம் இருக்கறவங்களும் மத்தியானம் உள்ள வரமாட்டேன்னுட்டாங்க. அவங்க வரலன்னா துணை அந்தப் பக்கம் போயிடும். மேல வரைக்கும் பேசிட்டாங்க. என் கையில இல்ல."

"டீச்சர்கிட்ட நான் என்ன சொல்றது?"

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு சொன்னார்: "தலைவர் நம்ம ஆளு ஆயாச்சும்மா. இனிமே டீச்சர் என்ன பண்ணிடப்போறாங்க?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒரு நிலவரத்தைச் சொன்னார். காலைத் தேர்தலுக்கும் மதியத் தேர்தலுக்கும் நடுவில் ஒருவரின் பலம் எப்படி மாறிவிடுகிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் நான் புரிந்துகொண்டேன். காலையில் டீச்சர் மறுத்திருந்தால் தலைமை இறங்கி வந்திருக்கும். இப்போது கழுத்தில் மாலை இருந்தது. மறுப்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும்தான்.

நான் மேலே போய் டீச்சரைப் பார்த்தேன். பழைய மாணவர்கள் சிலர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் பயம் போய் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த நிமிடத்தில் அவரிடம் போக எனக்குக் கால் வரவில்லை. முதலில் பர்வீனிடம் சொல்லிவிடலாம், அவருக்குத்தானே பதவி போகிறது, அவர் கோபத்தை ஆற்றிவிட்டுப் பிறகு டீச்சரிடம் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

கட்டடத்துக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னேன். பர்வீன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சருக்குத் தெரியுமா அக்கா?"

"இன்னும் சொல்லல."

"நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவே பர்வீன்?"

அவர் உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தலைவர் அறையில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. டீச்சர் இவரைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த மாலைகளை எடுத்துக் கீழே வைத்து, "வா, உக்காரு" என்றார்.

பர்வீன் உட்காரவில்லை. "டீச்சர், கோச்சுக்காதீங்க. எனக்குத் துணை வேணாம். வூட்டுக்காருக்கு மறுபடி வலி. கடையையும் பாத்துகினு இதையும் பாக்கறது பேஜாரு. நகரச் செயலாளரையே போடச் சொல்லிட்டேன்."

டீச்சர் அவரையே பார்த்தார். "இப்பதான் யோசிச்சியா?"

"ஆமா."

"காலையில வேன்ல வரும்போது வலி இல்லையா அவருக்கு?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். பர்வீனின் கண் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை.

"சரிம்மா" என்றார் டீச்சர். கோத்த கைகள் மடிக்குப் போயின. "உன் குடும்பம்தான் முக்கியம்."

மதியம் நகரச் செயலாளர் துணைத் தலைவரானார். போட்டியே இல்லை. சிரித்த முகத்தோடு தலைமைக்குத் தகவல் சொன்னோம். இரண்டும் நமக்கு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். கேள்விப்பட்டதையும், பிறகு இரண்டு பெண்களும் தனித்தனியாகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

டீச்சர் முதல் கூட்டத்திலேயே கால்வாய் விஷயத்தை எடுத்தார். துணைத் தலைவர், "அவசரப்படாதீங்க மேடம், எல்லார்கிட்டயும் பேசிட்டுச் செய்வோம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் அதே பதில். கவுன்சிலர்கள் பாதிப் பேர் கையெழுத்துப் போடும் முன்பு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரிகள் தலைவர் அறைக்கு வருவதற்கு முன்பு துணைத் தலைவர் அறைக்குப் போய்விட்டு வந்தார்கள். டீச்சர் யாரிடமும் கடிந்து பேசவில்லை. அது அவர் சுபாவத்தில் இல்லை. அதைத்தான் அவர் கோவளத்தில் என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

பர்வீன் கூட்டத்தில் எழுந்து கத்தினார். கால்வாயை ஏன் இன்னும் தொடவில்லை என்று கேட்டார். அவர் துணைத் தலைவரைத்தான் கேட்டார். ஆனால் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது டீச்சர். பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். தன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனவளே எதிரில் நின்று கேள்வி கேட்கிறாள் என்று டீச்சருக்குப் பட்டது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைந்தது. பிறகு நின்றேபோனது. பர்வீன் இரண்டு முறை தலைவர் அறை வாசல்வரை போய், உள்ளே துணைத் தலைவரின் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பலமுறை நினைத்ததாகவும், சொன்னால் டீச்சர் பதவியை வீசிவிட்டுப் போய்விடுவார் என்று பயந்ததாகவும் பிறகு சொன்னார்.

அடுத்த பெரிய மழையில் தண்ணீர் வந்தது. பழைய வெள்ளம் அளவுக்கு இல்லை. ஆனால் பர்வீனின் வார்டில் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. டீச்சர் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார். ஒரு காலத்தில் பள்ளி மாடியில் அவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர்களே, "தலைவரா உக்காந்து இன்னாத்த கிழிச்சீங்க?" என்று கேட்டார்கள். பின்னாலேயே துணைத் தலைவர் படகில் வந்து, தன் படம் போட்ட பைகளில் சாப்பாடு கொடுத்தார்.

தண்ணீர் வடிந்ததும் டீச்சர் ராஜினாமா செய்தார். உடல்நலம் என்று காரணம் சொன்னார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்களுக்கான பதவி, ஊர் தெரிந்த பார்வையாளர் நான். மறுபடி என்னையே அனுப்பினார்கள். ஊரின் கோபத்தை அடக்க வேண்டுமென்றால் பர்வீனை நிறுத்தலாம் என்று இந்த முறை தலைமையே சொன்னது. எனக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது.

கடையில் பர்வீன் ஒருவருக்குக் குழாய் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"துணை யாரு அக்கா?" என்றார்.

"அது அப்படியேதான். அந்தப் பதவிக்கு இப்ப தேர்தல் இல்லயே."

"அப்ப எனக்கு வேணாம்."

"நீ டீச்சர் மாதிரி இல்ல பர்வீன். நீ சமாளிப்பே."

"டீச்சரையும் இப்படித்தான் சொல்லி உக்கார வெச்சீங்க." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "டீச்சர் எப்படி கீறாங்க? நீங்க பாத்தீங்களா?" என்றார்.

ஒரே ஊரில், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றி, வெளியூரிலிருந்து வந்த என்னிடம் கேட்கிறார். அப்போதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

டீச்சர் இளைத்திருந்தார். காபி கொடுத்தார். மகள் பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள் என்றார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் எனக்கு வந்த போன், வண்டி நிறுத்துமிடத்தில் நான் பர்வீனிடம் பேசியது, பர்வீன் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அந்த மத்தியானமே எறங்கியிருப்பேன் மேடம்."

"அதனாலதான் அவ சொல்லல டீச்சர்."

"தெரியுது." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆனா எறங்கறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்?"



பிள்ளைகளே, நீங்களும் போகப்போகிறீர்கள். உங்கள் கையில் சர்வே இருக்கிறது, வார்டு வார்டாகச் சாதி மதக் கணக்கு இருக்கிறது, எங்களைவிட நன்றாகவே கணிப்பீர்கள். தலைவரையும் துணையையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அது போதாது. நாங்களும் சேர்த்துத்தான் முடிவு செய்தோம். கொடுத்த வார்த்தை நடுவில் உடையும். உடைக்கிறவர் மேலே இருப்பார், சேதி சொல்ல உங்களைத்தான் விடுவார்கள். அப்போது யாரிடம் சொன்னால் சுலபமாக இருக்கும் என்று பார்க்காதீர்கள். அந்த வார்த்தையை நம்பி ஒப்புக்கொண்டவர் யாரோ, அவரிடம் போய்ச் சொல்லுங்கள். மாலையைக் கழற்றிவிட்டு அவர் எழுந்து போனாலும் பரவாயில்லை. கட்சிக்கு அன்றைக்கு நஷ்டம்தான். ஆனால் அந்த மனுஷி மனுஷியாக வீட்டுக்குப் போயிருப்பார். பக்கத்தில் அவருடைய சிநேகிதியும் போயிருப்பார்.

அன்றைக்கு அவர் வீட்டில் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "என்னைக் கடையில எறக்கி விடறீங்களா?" என்றார். காரில் கூட்டிப்போனேன். பர்வீன் இவரைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல, "வாங்க டீச்சர், இன்னா வேணும்?" என்றார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"ஒண்ணும் வேணாம். சும்மா வந்தேன்."

பர்வீன் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீச்சர் உட்கார்ந்தார். பர்வீன் கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, தெருவைப் பார்த்தபடி அழுதார். நான் கிளம்பிவிட்டேன். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் கொஞ்ச காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போய்விட்டார். பர்வீன் பதவிக்காலம் முடியும்வரை கவுன்சிலராக இருந்தார். மறுபடி நிற்கவில்லை. துணைத் தலைவர் கைகாட்டிய ஒரு பெண் தலைவரானார். அவர் கூட்டங்களில் என்ன பேசினார் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பு கலந்துகொண்ட கடைசித் தேர்வுக் குழுக் கூட்டத்தில் அந்த ஊரின் பெயர் மறுபடி வந்தது. பதவி மறுபடி பெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. விவாதம் நீண்டுகொண்டே போனது. ஒருவர் சலிப்போடு நிமிர்ந்து, "அந்தப் பக்கம் பெண்கள்ல நல்ல ஆளே கிடைக்க மாட்டேங்குதுங்க" என்றார். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.